கேன்சல் பண்ணியும் போகாத திருத்தம்

கருவடிக்குப்பத்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ஒரு சின்ன பக் பற்றிப் பார்ப்போம். சின்னதுதான், ஆனால் ஒருத்தர் கணக்கையே மாற்றிவிட்டது.

எங்க ஏரியாவில் தண்ணீர் கேன் போடும் அண்ணன் ஒருவருக்கு, பாக்கிக் கணக்கு பார்க்க ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் போன் பண்ணி, "தம்பி, 450 ரூபா பாக்கி இருந்தவருக்கு ஜீரோன்னு காட்டுது. அவர் பணமே கொடுக்கலையே" என்றார். அவர்தான் தப்பாகத் தட்டியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை.

நடந்தது இதுதான். முதல் வீட்டுக்காரர் பாக்கியில் 0 என்று தட்டி, ஆள் மாறிப்போச்சுன்னு கேன்சல் கொடுத்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரருக்குப் போன் நம்பரை மட்டும் மாற்றி சேவ் பண்ணினார். நம்பரோடு அந்த 0-வும் இரண்டாவது ரோவில் போய் உட்கார்ந்துவிட்டது.

எப்படி? 1998-இல் ஜாவா 1.2 வந்த காலத்து ஜேடிபிசி 2.0-இலிருந்தே, ரெசல்ட்செட்டில் நின்றபடியே ரோவைத் திருத்தலாம். நாம் கொடுக்கும் புது மதிப்பு உடனே டேட்டாபேஸுக்குப் போகாது. டிரைவர் அதைத் தன் கையில் வைத்திருக்கும். 'அப்டேட்ரோ' என்றால்தான் எழுதும். 'கேன்சல்ரோஅப்டேட்ஸ்' என்றால் கையில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த ரோவுக்கு நகர்ந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

டிரைவரின் சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன். கேன்சல் பண்ணும்போது 'திருத்தம் நடக்கிறது' என்ற கொடியை மட்டும் இறக்குகிறது, மதிப்புகளைக் கொட்டவில்லை. ரோ நகரும்போது கொட்டுகிற வேலையோ, அந்தக் கொடி ஏறியிருந்தால்தான் நடக்கிறது. ஒன்றை நம்பி இன்னொன்று, ரெண்டுமே கோட்டை விட்டுடுச்சு.

உங்கள் டிரைவரைச் சோதிக்க இரண்டு ரோ போதும். முதல் ரோவில் ஒரு காலத்தை மாற்றி கேன்சல் பண்ணுங்க. இரண்டாவது ரோவில் வேறு காலத்தை மாற்றி 'அப்டேட்ரோ' கொடுங்க. பிறகு புதிதாக ஒரு செலக்ட் போட்டுப் பாருங்க. ஒரே ரோவில் கேன்சல் பண்ணிப் பார்த்தால் இந்தத் தப்பு கண்ணிலேயே படாது.

இன்னொன்று. 'அப்டேட்ரோ' முடிந்தபின் கேன்சல் கொடுத்தால் எதுவும் நடக்காது. இது பக் இல்லை, விதியே அப்படித்தான். அதைத் திரும்பப் பெற ரோல்பேக் வேண்டும். ஜேடிபிசியில் ஆட்டோகமிட் தானாகவே ஆனில் இருக்கும். முதலிலேயே அதை ஆஃப் செய்யாவிட்டால் ரோல்பேக்குக்கும் வழியில்லை.

நான் கடைசியில் அந்த முறையையே விட்டுவிட்டேன். பிரைமரி கீயை வைத்து நேரடியாக அப்டேட் ஸ்டேட்மென்ட் எழுதி, மாறிய ரோ 1 தானா என்றும் பார்க்கிறேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய பில் புத்தகத்தைப் பார்த்து அந்த 450-ஐத் திரும்ப ஏற்றினோம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.