பால்மரக் காட்டில் ஒரு நிர்வாகப் பாடம்

வணிகவியல் பயிலச் செல்லும் நம் மாணவர்கள் முதலில் மிரளும் பாடங்களுள் 'செயற்பாட்டு நிர்வாகம்' என்பதும் ஒன்று. நூலைத் திறந்தவுடன் 1911-இல் டெய்லர் எழுதிய நிர்வாக நூலும், 1913-இல் ஃபோர்ட் அமைத்த மோட்டார் வண்டித் தொடர்வரிசையும் வந்து நிற்கும். இஃது ஏதோ அமெரிக்க ஆலைகளுக்கே உரிய கலை என்று பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். ஆனால், சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் அவர்தம் பாட்டன் பாட்டியர் நாள்தோறும் இப்பாடத்துக்குள்ளேதான் வாழ்ந்தனர். அதனை எடுத்துக்காட்டுவது ஆசிரியர் கடமையாகும்.

செயற்பாட்டு நிர்வாகம் என்பது யாது? இடுபொருளைப் படிப்படியான வேலைகளால் பயன்பொருளாக மாற்றும்போது, காலமும் உழைப்பும் பொருளும் வீணாகாமல் அப்படிகளை ஒன்றோடொன்று இசைவிக்கும் முறையே அது. ரப்பர்த் தோட்டத்தில் மரம், உளி, ஆள் ஆகியவை இடுபொருள். புகையூட்டிய தகடு பயன்பொருள். இடையில் வெட்டு, சேகரிப்பு, நிறுவை, உறையவைத்தல், உருளையில் அழுத்தல், புகையூட்டல் எனப் பல படிகள் உண்டு.

இப்படிகளுக்கெல்லாம் நேரம் குறித்தவர் துரையுமல்லர், கிராணியுமல்லர்; மரமே குறித்தது. வெயில் ஏறுமுன் மரப்பட்டையின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் தணிந்துவிடும். ஆகவே விடியுமுன் பெரட்டு, விளக்கொளியில் வெட்டு. மங்கில் வடிந்த பால் தானே உறையத் தொடங்குமுன் ஆலை சேரவேண்டும். உறைந்துபோனால் அது கட்டிப்பால், விலையும் குறைவு. முதற்படியும் கடைசிக் கெடுவும் இயற்கை விதித்தவையாதலால், நிர்வாகத்தின் திறமை இடைப்பட்ட சில மணி நேரத்தைப் பயன்படுத்துவதிலேயே இருந்தது.

இங்கேதான் முதல் பாடம் எழுகின்றது. தொடர்வேலையின் வேகம் அதன் மிக மந்தமான படியின் வேகமே ஆகும். இதனை நூல்கள் 'போத்தலின் கழுத்து' என்று குறிப்பிடும். வயிறு எவ்வளவு பெரிதாயினும் நீர் கழுத்தின் அளவுக்கே வெளிவரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது பேர் ஒரே வேளையில் வாளிகளுடன் பால் கொட்டகைக்கு வந்து சேர்கின்றனர். தராசு ஒன்று, ஒருவர் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கொண்டு ரப்பர்ச் சத்தை அளந்து பதிய இரண்டு நிமிடம். கடைசி ஆளின் முறை வர 118 நிமிடம் ஆகும். அறுபதுபேர் காத்த நேரத்தையும் கூட்டினால் 59 மணி. இன்னொரு தராசும் அதற்கோர் ஆளும் வைத்தால் அது 29 மணியாகக் குறையும். வெட்டுவோரை எவ்வளவு விரட்டினாலும் இப்பயன் கிட்டாது. அவர்கள் விரைந்து வந்து வரிசையில் நிற்பார்கள், அவ்வளவே.

இரண்டாம் பாடம் புகைவீட்டில் இருக்கின்றது. நாளொன்றுக்கு 500 தகடுகள் உள்ளே சென்று, ஒவ்வொன்றும் நான்கு நாள் தங்குமாயின், புகைவீட்டில் 2,000 தகடுகளுக்கு இடம் வேண்டும். உலர ஐந்து நாள் பிடிக்குமாயின், 2,500 தகடுகளுக்கு இடம் வேண்டும். இன்றேல் நாள்வரவை 400 ஆகக் குறைக்கவேண்டும். வரும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கினால் உள்ளிருக்கும் அளவு கிடைக்கும் என்னும் இவ்விதியை 1961-இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிறுவினார். மருத்துவமனை வரிசைக்கும் துறைமுகக் கிடங்குக்கும் இதுவே விதி.

மூன்றாம் பாடத்தைப் பல நூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. தராசடியில் வீணான அந்த 59 மணி எவருடையது? பாலின் எடைக்கும் சத்துக்கும் கூலி என்றிருந்த இடத்தில், காத்து நின்ற நேரம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. இரண்டாம் தராசின் விலை தோட்டத்தின் செலவுப் பக்கத்தில் தெளிவாகத் தெரியும். காத்திருப்பின் விலையோ தொழிலாளியின் கால்களிலும், பசியோடு லயத்தில் காத்திருந்த பிள்ளைகளிடத்தும் மறைந்து கிடக்கும். செலவு குறைந்ததா, அல்லது கணக்கில் வராத ஒருவர் தலைக்கு மாறியதா? இக்கேள்வியைக் கேட்கத் தெரியாதவன் சிக்கனக்காரனாகலாம். நல்ல நிர்வாகி ஆகான்.

கெடாவில் பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் பாடம் மாறவில்லை. அறுத்த குலை நேரத்தோடு ஆலை சேராவிடில் எண்ணெயில் அமிலம் மிகுந்து தரம் கெடும். ஆகவே லாரியும் அறுவடையும் ஆலையும் ஒத்து இயங்கவேண்டும். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் நுண்சில்லு செய்யும் ஆலைகளிலும் படிகள் பல. மந்தமான படியே அங்கும் அரசன்.

ஆகவே ஆசிரிய அன்பர்கள் மேற்கண்ட தராசுக் கணக்கை ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே கொடுத்துப் பார்க்கலாம். வேண்டுவன பெருக்கலும் வகுத்தலுமே. விடை கண்டபின், "காத்திருந்தவர் யார்?" என்றும் ஒரு வினா சேர்த்துக் கேளுங்கள். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் தடித்த நூலைத் திறக்கும் மாணவன், அதில் அந்நியர் கலையை அன்றி, தன் குடும்பம் அறிந்த வேலையைக் காண்பான். அந்நூல் கேட்க மறந்த வினாவையும் அவனே கேட்பான்.