ஆபரேஷனுக்கு முன்னால் மாடிப்படி எதற்கு?

''கட்டி சின்னதுதான், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்'' என்று டாக்டர் சொன்னதும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும் உங்களுக்கு. ஆனால், உடனே தேதி குறிக்க மாட்டார். உங்கள் வீட்டுக்காரரை ஊதச் சொல்வார், நடக்கச் சொல்வார், மாடிப்படி ஏறச் சொல்வார். 'நுரையீரல்ல கேன்சரை வெச்சுக்கிட்டு இதென்ன ஓட்டப் பந்தயமா?' என்று எரிச்சல் வரலாம்.

விஷயம் இதுதான். வலது நுரையீரலில் 3 மடல்கள், இடதில் 2. பெரும்பாலும் கட்டி இருக்கிற மடலையே எடுத்துவிடுவார்கள். மிச்சத்தை வைத்துக்கொண்டு மூச்சுவிட முடியுமா, இதயம் தாங்குமா என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? பல வருஷம் சிகரெட் பிடித்தவர் என்றால் அந்த மிச்சமும் அடிபட்டுத்தானே இருக்கும்!

ஊதும் பரிசோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். மூச்சை நன்றாக இழுத்து, வேகமாக ஊத வேண்டும். முதல் 1 விநாடியில் வெளியே வரும் காற்றின் அளவுதான் முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். கணக்கு சற்று இடித்தால்தான் மாடிப்படி. 22 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய ஏழு மாடி ஏறிவிட்டால் பயம் குறைவு. (வீட்டில் நீங்களாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கூடவே ஆள் வருவார்கள்.)

ஏற முடியவில்லையா? அதோடு கதவைச் சாத்திவிட மாட்டார்கள். முகத்தில் மாஸ்க் மாட்டி சைக்கிள் மிதிக்கவைத்து, உடம்பு எடுத்துக்கொள்கிற ஆக்ஸிஜனை அளப்பார்கள். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 20 மில்லிக்கு மேல் என்றால் தைரியமாக ஆபரேஷன். 10-க்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம். கட்டி சிறிதாக இருந்தால் துல்லியமான கதிர்வீச்சு சிகிச்சையை யோசிப்பார்கள்.

நாம் கோட்டைவிடுவது வீட்டில்தான். 'நீங்க அலட்டிக்காதீங்க' என்று காபியிலிருந்து எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பாசம்தான், சரி. ஆனால், படுத்தே கிடந்தால் தசை இளைத்து, இருக்கிற தெம்பும் போய்விடும். ''பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருக்கார்?'' என்று டாக்டர் கேட்பது சும்மா இல்லை. பாதிப் பகலுக்கு மேல் படுக்கை என்றால் கீமோதெரபி கொடுக்கவே தயங்குவார்கள். அதற்காக, 'நல்லாத்தான் இருக்கார்' என்று மறைக்கவும் கூடாது.

காத்திருக்கும் நாட்களில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினமும் நடக்கவிடுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யவையுங்கள். சில வாரங்களிலேயே தெம்பு கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு சளி கட்டுவது, நிமோனியா போன்ற தொல்லைகளும் குறையும். சிகரெட்டை இன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். பரிசோதனைக்குப் போகும்போது தளர்வான உடை, வழுக்காத செருப்பு. சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். இன்ஹேலர் உபயோகிப்பவர் என்றால், அன்று காலையில் எடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.