துணைவஞ்சி இல்லாத சமாதானம்

தேசிங்குராஜன் கதை தெரியாத ஆள் கள்ளக்குறிச்சிப் பக்கம் குறைவு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதுல்லாகானை எதிர்த்து மாண்ட தேஜ்சிங்தான் நம் தேசிங்கு. ஆனால் அவனுடைய தகப்பன் சொரூப்சிங் அதற்கு இரண்டு வருஷம் முந்தி செய்துகொண்ட சமாதானத்தைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. சாவுக்குக் கதைப்பாடல் இருக்கிறது, சமரசத்துக்கு இல்லை. இந்த மௌனம் தற்செயலானதல்ல என்பது என் வாசிப்பு.

செஞ்சியிலிருந்த மராட்டிய ராஜாராமிடமிருந்து 1690இல் இங்கிலீஷ் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை கம்பெனிக்கு என்பது ஏற்பாடு. 'குண்டுகிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். குண்டு போட்ட எல்லை நிம்மதியாக இருக்குமா? 1698இல் செஞ்சி மொகலாயர் கைக்குப் போனது. பிறகு கில்லேதாராக வந்த புந்தேலா ராஜபுத்திரன் சொரூப்சிங்குக்கும் கம்பெனிக்கும் கிராமங்களையும் குத்தகைப் பாக்கியையும் முன்னிட்டுத் தகராறு மூண்டது. இங்கிலீஷ் அதிகாரிகள் பிடிபட்டுச் செஞ்சிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1711 முழுக்கச் சண்டை. 1712இல் சந்து செய்துவைத்தவர் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் எபேர்.

வேடிக்கை இதில்தான். ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் இங்கிலாந்தும் பிரான்சும் 1702 முதல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. எதிரிதான் இங்கே நடுவர்! பக்கத்து ஊர் எரிந்தால் தறியும் நிற்கும், துணியும் வராது என்ற கணக்கு இதன் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கருணை என்று சொல்ல மாட்டேன்.

அதே 1712 ஜனவரி 29இல் ஹாலந்தின் யுட்ரெக்ட் நகரில் அந்தப் பெரிய போரை முடிக்கும் மாநாடு கூடியது. அங்கே பேச்சை முடக்கியது எது தெரியுமா? தெனேன் போரில் பிரான்ஸ் ஜெயித்த கையோடு, பிரெஞ்சுத் தூதர் மெனாஜேயின் வேலைக்காரர்கள் தம் ஆட்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்கள் என்று டச்சுத் தூதர் ரெக்டரன் புகார் செய்தார். அது இரண்டு அரசுகளின் மானப் பிரச்சினையாகி மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1713இல் கையெழுத்தானபோது தேதியும் இரண்டு. இங்கிலீஷ் பஞ்சாங்கப்படி மார்ச் 31, மற்றவர்களுக்கு ஏப்ரல் 11.

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கல்வராயன் மலையில் பஞ்சாயத்துக்குப் போனவர்களுக்கு இது புரியும். யார் கல்லில் உட்காருவது, யார் நிற்பது, முதலில் யார் வாய் திறப்பது என்பது தீர்ந்தால் பாதி வழக்கு தீர்ந்த மாதிரி. அதிகாரம் என்பது ஷரத்துகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. உட்காரும் வரிசையிலும், சொல்லை மொழிபெயர்க்கும் நாக்கிலும் அது எழுதப்படுகிறது.

அந்த நாக்குக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எபேர் காலத்தில் புதுச்சேரியில் கம்பெனியின் தலைமைத் தரகர் நயினியப்ப பிள்ளை. பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ளூருக்கும் நடுவில் நின்றவர். 1716இல் அதே எபேர் அவரைக் கைது செய்தார். கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே செத்தார். தீர்ப்பு தப்பு என்று பாரிஸ் ரத்து செய்தபோது ஆள் இல்லை. இருதரப்புக்கும் வேண்டியவன் இருதரப்புக்கும் சந்தேகத்துக்குரியவனாகிறான்.

நம்மிடம் இதற்கு இலக்கிய வகையே கிடையாது என்று சொல்ல முடியாது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டபோது, உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் அவனுக்கும் இடையில் கோவூர்கிழார் நின்று பாடிய பாட்டு புறநானூற்றில் 45ஆவது. அதற்குத் துறை 'துணைவஞ்சி'. போரைத் தடுப்பவனுக்கு ஒரு துறை வகுத்து வைத்திருந்த மொழி இது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கதைப்பாடலுக்கு வரும்போது அந்த இடம் காலியாகிவிட்டது. அங்கே செத்தவன் வீரன், சந்து பேசியவன் ஆளே இல்லை. வீரத்தின் கதையாடலுக்குள் சமரசம் கோழைத்தனமாகவோ துரோகமாகவோதான் நுழைய முடிகிறது. நம்முடைய இன்றைய அரசியல் மேடைப்பேச்சும் அந்தக் கதைப்பாடலின் இலக்கணத்தைத்தான் பின்பற்றுகிறது என்பதால், 1712ஐப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.