ஆடுகளம் – 14: கோல்ஃப் மைதானத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரர்

டாலிகஞ்ச் என்றதும் வங்காள சினிமா ஸ்டுடியோக்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். விளையாட்டுக்காரர்களுக்கோ அது கோல்ஃப் ஊர். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே பழமையானது, இப்போது இருப்பது இங்கேதான். 1895இல் தொடங்கிய டாலிகஞ்ச் கிளப்பும் பக்கத்திலேயே. (தமிழருக்கு இந்தப் பெயர் அந்நியமல்ல. 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிறகு, கோட்டையில் இருந்த திப்புவின் பிள்ளைகளைக் கும்பினியார் கொண்டுபோய்க் குடிவைத்தது இந்தப் பகுதியில்தான்.) இங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் துறைமுகத்தை ஒட்டிய கிதர்பூர். அது குத்துச்சண்டை ஊர். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்று, அந்தப் போட்டிகளில் தங்கம் பெற்ற முதல் இந்தியக் குத்துச்சண்டை வீரரான முகமது அலி கமர் அங்கிருந்து வந்தவர். குத்துச்சண்டைக்காரருக்கு வாய்த்த உடம்பு வேறு எவருக்கும் இல்லை, எந்த ஆட்டத்தில் இறக்கிவிட்டாலும் அவர் பிழைத்துக்கொள்வார் என்று விளையாட்டு ரசிகர்களிடையே ஒரு வலுவான நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

நம்பிக்கைக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, இஎஸ்பிஎன் நிறுவனம் 2004இல் ஒரு நிபுணர் குழுவை வைத்துத் தயாரித்த பட்டியல். அறுபது விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, பலம், வேகம், தாக்குப்பிடித்தல், வளையும் தன்மை, கண்-கை ஒருங்கிணைப்பு, நெஞ்சுரம் உள்ளிட்ட பத்து குணங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். முதலிடம் குத்துச்சண்டைக்கு, கடைசி இடம் மீன்பிடிப்புக்கு. பட்டியலை மறுக்க வேண்டியதில்லை. அது எதை அளந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். ஓர் ஆட்டம் மனிதனிடம் எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அந்தக் குழு மதிப்பிட்டது. அதை ஆடுகிறவர் இன்னோர் ஆட்டத்துக்கு எதைக் கொண்டுபோவார் என்பது வேறு கேள்வி. குத்துச்சண்டையின் கூட்டுத்தொகையை உயர்த்திய குணங்களில் நெஞ்சுரமும் அடிதாங்கும் திறனும் முக்கியமானவை. முகத்துக்கு நேரே முஷ்டி வரும்போது கண்ணை மூடாமல் நிற்பது பெரிய காரியம்தான். ஆனால் பதினெட்டாவது குழியில் நான்கடி தூரத்துப் பட் போட, அதாவது பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிட, நிற்பவருக்கு அதனால் காலணா பிரயோஜனம் கிடையாது. அங்கே தேவைப்படும் தைரியம் வேறு ஜாதி.

குத்து எங்கிருந்து பிறக்கிறது என்று கவனித்தால் விஷயம் தெளிவாகும். வலக்கை ஆட்டக்காரர் நேர்க்குத்து விடும்போது முதலில் அசைவது கை அல்ல. பின்னால் இருக்கும் வலக்காலின் முன்பாதம் தரையை அழுத்துகிறது, குதிகால் வெளிப்பக்கம் திரும்புகிறது, இடுப்பு சுழல்கிறது, தோள் பின்தொடர்கிறது, கடைசியாகத்தான் முஷ்டி. ஃபிலிமனோவ் என்பவரும் சக ஆய்வாளர்களும் சோவியத் நாட்டில் 120 குத்துச்சண்டை வீரர்களை ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்ந்தவர்களின் குத்தில் காலின் உந்துதல் ஏறத்தாழ 38 சதவீதம். கீழ்நிலை வீரர்களிடம் அது 16, 17 சதவீதத்தோடு நின்றுவிட்டது. பிறவி வரம் என்று நாம் வியக்கும் அந்த இடிக்குத்தில் பெரும்பங்கு வருடக்கணக்காகக் காலைத் திருப்பிப் பழகியதில் வந்தது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. காலில் வலு இல்லாதவர்கள் மேலே ஏறாமலே வடிகட்டப்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கொஞ்சம் அப்படியும் இருக்கும். ஆனாலும் முஷ்டியின் வலு காலில் இருக்கிறது என்பதை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் வாத்தியார்கள் சீடர்களின் காலைத் திருத்தியே ஆயுளைக் கழித்தது அதனால்தான்.

கோல்ஃப் வீச்சும் இதே வரிசைதான்: தரை, கால், இடுப்பு, தோள், கை. ஆகவே ரிங்கிலிருந்து வந்தவர் பந்தைத் தூரமாக அடித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் குத்துச்சண்டையில் உயர்ந்த திறமை அடிப்பது அல்ல, எதிராளியைப் படிப்பது. அவன் தோள் ஒரு விரற்கடை இறங்கும்போதே என்ன வரப்போகிறது என்று தெரிந்து தலையை நகர்த்துவது. கோல்ஃப் பந்து தோளை இறக்குவதில்லை, சும்மா கிடக்கிறது. பல்லாண்டுப் பழக்கத்தில் சேர்த்த சொத்தின் பெரும்பகுதி அங்கே செல்லாக் காசு. டாலிகஞ்ச் உருவாக்கிய பெரிய ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைப் பாருங்கள். ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். முறையான பயிற்சியாளர் இல்லாமல் பார்த்துப் பார்த்தே கற்றவர். நெடுந்தூரம் அடிப்பவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. குழிக்கு அருகிலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப்போடும் சிப், பட் இரண்டிலும் காட்டிய நுணுக்கத்துக்காகவே ‘சிப்புட்சியா’ என்ற பட்டப்பெயர் வந்தது. 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பன், நடுவில் ரியோ ஒலிம்பிக். முரட்டு உடல்வலு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

இதற்கு எதிராக அடுக்கப்படும் பெயர்கள் சாதாரணமானவை அல்ல. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் தங்கம் வென்ற ஜானி டக்ளஸ், 1911-12இல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவராக ஆஸ்திரேலியா போய் 4-1 என்று தொடரை வென்று வந்தார். இறுதிச் சண்டையில் அவரிடம் தோற்ற ஸ்னோவி பேக்கர் அதே ஒலிம்பிக்கில் நீச்சலிலும் டைவிங்கிலும் கலந்துகொண்டவர். எடி ஈகன் 1920இல் குத்துச்சண்டையிலும், 1932 குளிர்கால ஒலிம்பிக்கில் நால்வர் பாப்ஸ்லெட் பனிச்சறுக்கு வண்டியிலும் தங்கம் வாங்கினார். ராய் ஜோன்ஸ் 1996 ஜூனில் ஒருநாள் பிற்பகல் தொழில்முறை கூடைப்பந்து ஆடிவிட்டு, அன்றிரவே தன் உலகப் பட்டத்தையும் காத்துக்கொண்டார். எல்லாம் உண்மை. ஆனால் டக்ளஸ் மட்டை பிடித்த விதத்தைப் பார்த்தீர்களா? ஆஸ்திரேலிய ரசிகர்கள் அவருடைய ஜே.டபிள்யூ.எச்.டி. என்ற முன்னெழுத்துகளை வைத்து, ‘ஜானி இன்றைக்கு அடிக்க மாட்டான்’ என்று பொருள்படக் கேலி செய்யும் அளவுக்குக் கட்டை போட்டவர். ரிங்கிலிருந்து அவர் மைதானத்துக்குக் கொண்டுபோனது முஷ்டியை அல்ல, பிடிவாதத்தை. ஈகன் ஏறிய பாப்ஸ்லெட்டோ அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளே ஆடிய, வசதி படைத்தவர்களின் ஆட்டம். தவிர, இரண்டு ஆட்டத்தில் மிளிர்வது குத்துச்சண்டைக்காரரின் தனிச்சொத்தும் அல்ல. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த தலைவர் சுனி கோஸ்வாமி, பத்தாண்டு கழித்து வங்காளத்தை ரஞ்சி இறுதியாட்டம் வரை நடத்திச் சென்றார். தென் கல்கத்தாக்காரர்தான், கையுறை மாட்டியவர் அல்ல.

போக்குவரத்து எந்தத் திசையில் அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். ரிங்கிலிருந்து வெளியே போய் வென்றவர்களைவிட, வெளியிலிருந்து ரிங்குக்குள் வந்து வென்றவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். மேரி கோம் முதலில் ஈட்டி எறிந்தார், 400 மீட்டர் ஓடினார். நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன் குறுந்தூர ஓட்டக்காரர். லவ்லினா முய் தாய் பழகியவர். லோமசென்கோவைச் சிறுவயதில் தந்தையே கையுறையைக் கழற்றவைத்துச் சில ஆண்டுகள் உக்ரைனிய நடனம் கற்க அனுப்பினார். இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பின்னாலிருந்த அந்தக் கால்களில் நடனத்துக்கும் பங்குண்டு. ‘இயற்கையான உடம்பு’ என்று நாம் கைதட்டுவது பல சமயம் முந்தைய ஆட்டம் விட்டுப்போன சேமிப்புதான். பிறப்பில் வருவது ஒன்றுமே இல்லை என்று வாதிட மாட்டேன். கை நீளத்தை எந்த வாத்தியாரும் கற்றுத்தர முடியாது. ஆனால் எடைப் பிரிவு இருப்பதாலேயே சிறிய உடம்புக்காரரும் உலகச் சாம்பியனாகும் ஆட்டம் இது. மேனி பாக்கியாவ் 2014இல் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து லீகில் இறங்கிய முதல் ஆட்டத்தில் சுமார் ஏழு நிமிடம் ஆடினார். ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்தரை அடி உயரத்துக்குக் கூடைப்பந்தில் எடைப் பிரிவு கிடையாது.

என் வாதத்தை உண்மையில் தொந்தரவு செய்யும் ஆட்சேபம் வேறு. குத்துச்சண்டைக்காரர்கள் வேறு ஆட்டங்களில் ஜொலிக்கவில்லை என்கிறோமே, அவர்களை உள்ளே விட்டவர்கள் யார்? கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி தேர்ந்த அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர். 1952 சான் டியாகோ ஓப்பனுக்கு அழைப்பு வந்தபோது, வெள்ளையர் மட்டுமே என்ற விதியைக் காட்டி அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் தடுத்தது. சண்டை போட்டு, சிறப்பு அழைப்பாளர் என்ற பெயரில்தான் அவர் ஆட முடிந்தது. அந்த விதி ஒழிந்தது 1961இல். டாலிகஞ்சில் அப்படி எழுதிய விதி இன்று கிடையாது. உறுப்பினர் கட்டணமும் மதில்சுவரும் உண்டு. சௌராசியா அந்தச் சுவருக்கு உட்புறம் வளர்ந்தது தந்தையின் வேலையால் வாய்த்தது. கிதர்பூர்ப் பையனுக்கு ஒரு ஜோடி கையுறை போதும், அதையும் நாலு பேர் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். ஒரு செட் கோல்ஃப் மட்டைக்கும் மைதானக் கட்டணத்துக்கும் அவன் எங்கே போவான்? ஆகவே என் முடிவுக்கு ஓர் எல்லை போட்டுக்கொள்கிறேன். ரிங்கில் சேர்த்ததில் காலும் மூச்சும் பிடிவாதமும் வேறு ஆட்டத்துக்கு வரும், எதிராளியைப் படிக்கும் கண் எதிராளி இருக்கும் ஆட்டத்துக்கு மட்டும் வரும் என்பதுவரை சான்று இருக்கிறது. பத்து வயதில் கிதர்பூர்ப் பிள்ளைகளின் கையில் மட்டையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அந்தச் சோதனையை இதுவரை எந்த கிளப்பும் நடத்திப் பார்க்கவில்லை.