வீட்டுப் பூனைக்கு ஏற்ற மணல் எது?

நெல் விளையும் ஊரில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் பூனை இருக்கும். கம்மாபுரம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குதிரிலும் மூட்டையிலும் நெல்லைச் சேர்த்துவைத்த நாள்தொட்டு, கூலி கேட்காத காவலாளியாகப் பூனை நம் இல்லங்களில் வாழ்ந்து வருகிறது. அது எங்கே உண்ணும், எங்கே உறங்கும் என்பதை நாம் அறிவோம். எங்கே மலங்கழிக்கும் என்பதைப் பற்றி மட்டும் நாம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. கொல்லையில் மண் இருந்தது; வைக்கோல் போருக்கு அருகே புழுதி இருந்தது. பூனை தானே குழி பறித்தது; தானே மூடிவிட்டும் வந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. கொல்லைப்புறங்கள் சிமெண்டுத் தளங்களாகிவிட்டன. வீதியில் ஓடும் வாகனங்களுக்கு அஞ்சிப் பலர் பூனையை வீட்டிற்குள்ளேயே வளர்க்கின்றனர். வேலையின் பொருட்டுச் சென்னைக்கோ கடலூருக்கோ குடிபெயர்ந்த பிள்ளைகள் மாடிக் குடியிருப்புகளில் பூனை வளர்க்கின்றனர். ஆதலால் பூனைக்கென்று ஒரு தட்டும், அதிலிட மணலும் தேவைப்படுகின்றன. கடைகளில் பூனை மணல் என்று பலவகைப் பொருள்கள் அழகிய பைகளில் விற்கப்படுகின்றன. எதை வாங்குவது? வாங்கித்தான் ஆகவேண்டுமா? வீட்டிலிருக்கும் பொருளே போதுமா?

இது அற்பமான வினாவன்று. இதற்குப் பின்னால் மற்றொரு பெரிய வினா ஒளிந்திருக்கிறது. தலைப்பிரசவத்திற்கு மகள் தாய்வீடு வருகிறாள். 'பூனை இருக்கும் வீட்டில் கர்ப்பிணி இருக்கலாகாது' என்று யாரோ கூறுகிறார். உடனே பெரியவர்கள் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவரச் சொல்கின்றனர். அச்சம் நியாயமானது, முடிவு நியாயமானதுதானா? மணலைப் பற்றிச் சரியாக அறிந்துகொண்டால் இவ்வினாவிற்கும் விடை கிடைத்துவிடும்.

மணலை நாடுவது ஏன்?

வீட்டுப் பூனையின் மூதாதையர் வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். தளர்ந்த மண்ணைப் பறிப்பதும், கழித்ததை மூடுவதும் அவ்வினத்தின் இயல்பு. தாய்ப்பூனை பெரிதாகக் கற்பிக்காமலேயே ஒரு மாதக் குட்டி மண்ணைக் கால்களால் கிளறத் தொடங்குகிறது. ஆகவே பூனைக்குப் பிடித்த பொருள் யாது என்று கேட்டால், மென்மையான பருவமும், எளிதில் பறிக்கத்தக்க தன்மையும் உடையது என்பதே விடை. நறுமணம் பூனைக்குத் தேவையன்று. நம்மைவிடக் கூர்மையான மோப்பம் உடைய அப்பிராணிக்கு மல்லிகை வாசனையும் எலுமிச்சை வாசனையும் தொல்லையாகவே முடியும். வாசனை பிடிக்காத பூனை தட்டை விட்டுவிட்டுக் கட்டிலின் கீழே இடம் தேடும். பூனையை அடிப்பதால் இது திருந்தாது. மணலை மாற்றினால்தான் திருந்தும்.

கடை மணல் பிறந்த கதை

மேலைநாடுகளில் குளிர் மிகுந்தபடியால் பூனையை வீட்டிற்குள் வைத்திருப்பது வழக்கம். அங்கேயும் முற்காலத்தில் தட்டில் மணலையோ அடுப்புச் சாம்பலையோதான் இட்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், தொழிற்சாலைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண் குருணையை விற்றுவந்தார். 1947-ஆம் ஆண்டில், சாம்பல் பட்ட பாதங்களோடு பூனை வீடெங்கும் தடம் பதிப்பதாக அயல்வீட்டுப் பெண்மணி முறையிட, அவருக்கு அக்குருணையில் சிறிது கொடுத்தார். அது சாம்பலைவிட நன்றாகச் சிறுநீரை உறிஞ்சியது, நாற்றத்தையும் குறைத்தது. அன்று தொடங்கிய விற்பனை பெருந்தொழிலாக வளர்ந்தது.

பின்னர் 1980-களில் பெண்டோனைட் என்னும் களிமண் பயன்பாட்டிற்கு வந்தது. ஈரம் பட்டவுடன் ஊதிப் பருத்து உருண்டையாகக் கட்டிக்கொள்வது இதன் சிறப்பு. கட்டியை மட்டும் துளைக்கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, எஞ்சிய மணலைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் இராஜஸ்தானத்தின் பார்மேர் பகுதியிலும் இக்களிமண் வெட்டியெடுக்கப்படுகிறது. இன்று கடைகளில் விற்கும் மணலில் இதுவே மிகுதி. இதற்கும் குறைகள் உண்டு. கனமானது, மலிவற்றது. எதையும் வாயில் வைக்கும் சிறு குட்டிகள் இதனைத் தின்றுவிட்டால் குடலில் கட்டிக்கொள்ளக் கூடும். ஆகவே இரண்டு, மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளுக்கு இதனை இடாதிருப்பது நன்று. கழிவறைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

நம் வட்டாரத்துப் பொருள்கள்

கடைக்குச் செல்லுமுன் நம்மைச் சுற்றிலும் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஆற்றுமணல்: பூனையின் இயல்புக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் மணல் சிறுநீரை உறிஞ்சிக்கொள்வதில்லை. ஈரம் அடியில் தேங்கி நாற்றமெடுக்கும். வீடு கட்டியபோது மிஞ்சிய மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் போதும். இதற்கென்று வெள்ளாற்றிலோ மணிமுத்தாற்றிலோ மணல் அள்ளுவது கூடாது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு கூர்முனையும் தூசியும் மிக்கதாகையால் பூனையின் பாதத்திற்கு ஏற்றதன்று.

உமி: அரிசி ஆலைகளில் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் மேல்தோல் வழவழப்பானதால் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும். எடையற்றதாகையால் பூனை பறிக்கும்போது வீடெங்கும் பறக்கும். தனியாக இடாமல், மணலோடு சிறிதளவு கலந்தால் பயன்படும்.

சாம்பல்: விறகடுப்புச் சாம்பல் நாற்றத்தை அடக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஈரம் பட்ட சாம்பல் காரத்தன்மை அடைந்து தோலை அரிக்கும். பூனையோ தன் பாதங்களை நாக்கால் நக்கித் தூய்மை செய்யும் பிராணி. பாதத்தில் ஒட்டியது வயிற்றிற்குள் செல்லும். நெய்வேலி அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைச் செங்கல் அறுப்பவர்கள் பயன்படுத்துவது கண்டு, பூனைத் தட்டிலும் இடலாமே என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அந்த நுண்தூசி பூனையின் நுரையீரலுக்கும் நம் நுரையீரலுக்கும் கேடானது.

வெள்ளைக் களிமண்: நெய்வேலி நிலக்கரிப் படிவத்திற்கு மேலே கிடைப்பதும், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்குப் பயன்படுவதுமான இம்மண்ணும் களிமண்தானே என்று கேட்கலாம். களிமண் அனைத்தும் ஒன்றல்ல. பெண்டோனைட்டைப் போல் இது ஊதிக் கட்டியாவதில்லை. நனைந்தால் சேறாகி நகங்களில் ஒட்டும்.

முந்திரி ஓடு, வேர்க்கடலைத் தோல்: பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் முந்திரி ஓட்டுக்குப் பஞ்சமில்லை. அதிலுள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் என்பதை முந்திரி உடைக்கும் தாய்மார்களின் கைகளே சாட்சியாகக் கூறும். அதனைப் பூனையின் அருகிலும் கொண்டுவரலாகாது. வேர்க்கடலைத் தோலை நொறுக்கி இடலாம்; ஆனால் ஈரம் தங்கினால் விரைவில் பூஞ்சை பிடிக்கும்.

மரத்தூள்: ஈரத்தை நன்கு உறிஞ்சும். மிக நுண்ணிய தூளைச் சலித்து நீக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். பூச்சிமருந்து பூசிய மரத்தின் தூளும், ஒட்டுப்பலகைத் தூளும் வேண்டாம்.

தென்னை நார்க்கழிவு: கயிறு திரிக்கும் இடங்களில் மிஞ்சும் இத்தூள், தன் எடையைப்போல் பல மடங்கு நீரை ஏற்கவல்லது. செடி வளர்ப்போர்க்குக் கட்டிகளாக விற்கப்படுகிறது. உலர்ந்த தூளைச் சலித்த மணலோடு சரிபாதியாகக் கலந்தால், மணலின் பருவமும் நாரின் உறிஞ்சும் திறனும் ஒருங்கே அமையும். கட்டியாகாது என்பதே இதன் குறை. ஆகவே நனைந்த பகுதியைக் கவனித்து அள்ள வேண்டும்.

நாளிதழ்: கிழித்த காகிதம் அன்றாடப் பயனுக்கு ஏற்றதன்று. ஆனால் கருத்தடை அறுவைக்குப்பின் தையல் ஆறும்வரை மணல் ஒட்டாதிருக்கக் காகிதமே சிறந்தது.

கருவுற்ற தாயும் பூனையும்

இனி அந்தப் பெரிய வினாவிற்கு வருவோம். டாக்சோபிளாஸ்மா என்னும் ஓரணு உயிரி ஒரு நோயைத் தோற்றுவிக்கிறது. 1908-ஆம் ஆண்டிலேயே இவ்வுயிரி கண்டறியப்பட்ட போதிலும், அது பூனையின் குடலில்தான் முட்டை போன்ற கூடுகளை உண்டாக்குகிறது என்பது 1970-ஆம் ஆண்டளவில்தான் தெளிவாயிற்று. தாய் முதன்முறையாகக் கர்ப்ப காலத்தில் இத்தொற்றைப் பெற்றால், கருச்சிதைவு நேரலாம். குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆகவே பெரியவர்களின் அச்சம் மூடநம்பிக்கையன்று.

ஆயினும் மூன்று உண்மைகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, எல்லாப் பூனைகளும் எப்போதும் இக்கூடுகளை வெளியேற்றுவதில்லை. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றுண்ட பூனை, பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்கள் வரையே வெளியேற்றுகிறது.

இரண்டாவது, வெளியேறிய உடனே அக்கூடுகள் நோயைத் தருவதில்லை. அவை முதிர்ச்சி அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகின்றன. இங்கேதான் நம் வினாவின் விடை இருக்கிறது. மலத்தை நாள்தோறும் அகற்றிவிட்டால், நஞ்சு முற்றுமுன்பே அது வீட்டை விட்டு நீங்கிவிடுகிறது. எத்தனை விலையுயர்ந்த மணலாயினும் மூன்று நாட்கள் அள்ளாமல் விட்டால் அது ஆபத்தானது. சலித்த சாதாரண மணலாயினும் நாள்தோறும் அள்ளப்பட்டால் அது பாதுகாப்பானது.

மூன்றாவது, இத்தொற்று பூனையைத் தொடுவதால் மட்டும் வருவதன்று. நன்கு வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றின் வழியாகவும் வருகிறது. பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டு இறைச்சியை உண்பதனால் பயன் யாது?

ஆதலால் செய்யவேண்டியவை இவை. கருவுற்ற பெண் மணல் தட்டைத் தொடலாகாது. அப்பணியைக் கணவரோ, தந்தையோ, தம்பியோ ஏற்கட்டும். வேறு ஆளில்லையெனில் கையுறை அணிந்து அள்ளி, பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பூனைக்கு வேகவைத்த உணவையே இடவேண்டும். வெளியே திரிந்து எலி பிடிக்க விடலாகாது. ஐயமிருப்பின் மருத்துவரிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவது தேவையற்றது. அது குற்றமும் ஆகும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தண்டனைக்குரியதாக்குகிறது.

கவனிக்க வேண்டியவை

தட்டு பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். துணி ஊறவைக்கும் அகன்ற பிளாஸ்டிக் தொட்டி போதும். 2 முதல் 3 அங்குல உயரத்திற்கு மணலிடுக. இரண்டு பூனைகள் இருப்பின் மூன்று தட்டுகள் வைப்பது நலம். சமையலறைக்கும் உணவுத் தட்டுக்கும் அருகில் வைக்கலாகாது. தொட்டியை வாரம் ஒருமுறை சோப்பிட்டுக் கழுவிக் கொதிநீரை ஊற்றுக. மேற்கூறிய கூடுகளைக் கொல்வது கொதிநீரே. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அவை சாவதில்லை. பினாயில் பூனையின் உடலுக்கு நஞ்சு. பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் நச்சுவாயு உண்டாகும். இவ்விரண்டும் வேண்டாம்.

அள்ளியதைக் காய்கறித் தோட்டத்திலோ கிணற்றின் அருகிலோ கொட்டாமல், தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும். நகரத்தில் உறையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும். வீடு கட்டுவோர் வீதியில் குவித்துள்ள மணலில் பூனைகள் மலங்கழிப்பதும், அதே மணலில் நம் குழந்தைகள் விளையாடுவதும் நாடோறும் நாம் காணும் காட்சி. இரவில் அக்குவியலை ஒரு தார்ப்பாயால் மூடிவைப்பது அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் செய்யும் உதவியாகும்.

நாள்தோறும் அள்ளுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. பூனை வாய்திறந்து தன் நோயைக் கூறாது. மணலே அதன் சார்பில் பேசும். ஆண்பூனை மீண்டும் மீண்டும் தட்டில் அமர்ந்து முக்கியும் மணல் நனையவில்லையெனில், சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஓரிரு நாட்களில் உயிரையே பறிக்கும் நிலை அது. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எனவே எது சிறந்த மணல்? கர்ப்பிணி இருக்கும் வீட்டிலும் மாடிக் குடியிருப்பிலும், வாசனை சேர்க்காத, தூசி குறைந்த, கட்டியாகும் பெண்டோனைட் மணல் பணியை எளிதாக்கும். வாங்க இயலுவோர் வாங்கட்டும். கிராமத்து இல்லத்திற்குச் சலித்த மணலும் தென்னை நார்த்தூளும் கலந்த கலவை போதும். இரண்டிலும் தவறாது வேண்டுவது, காலைதோறும் ஒருவர் குனிந்து அள்ளும் ஐந்து நிமிட உழைப்பு. அந்த ஐந்து நிமிடத்தை வீட்டிலுள்ள ஆடவர் மனமுவந்து ஏற்பாராயின், பிறக்கப்போகும் குழந்தையும் நலமாயிருக்கும்; இத்தனை காலம் நெல்லைக் காத்த பூனையும் நம் கூரையின் கீழே நிம்மதியாக வாழும்.