கடற்கரை ஊரில் பத்து நாற்காலிகள்

டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் கடலில் கால் நனைக்க யாருக்கும் துணிவு வராது. அந்தக் குளிரிலும் ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு ஆட்களை வரவழைத்தது செஸ். 1895ல் அமெரிக்காவின் பில்ஸ்பரி ஜெயித்த பெரும் போட்டியைப் பற்றி ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது, முதல் உலகப் போர் ஓய்ந்தபின் 1920 கிறிஸ்துமஸில் தொடங்கி, ஆண்டுதோறும் புத்தாண்டைத் தாண்டி நடந்த விடுமுறைப் போட்டிதான்.

முதன்மைப் பிரிவில் பெரும்பாலும் பத்துப் பேர், ஒன்பது சுற்று. உள்நாட்டுக்காரர்களும் அயல்நாட்டு வீரர்களும் கலந்து உட்காருவார்கள். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு வேறு பிரிவுகள் உண்டு. விடுமுறையில் நடந்ததால், வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. நெதர்லாந்தின் மாக்ஸ் யூவே, ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார். 1923-24லும் 1930-31லும் இங்கே முதலிடம் பிடித்தார்.

சர் ஜார்ஜ் தாமஸுக்கோ வேலையே தேவையில்லை. பட்டமும் வசதியும் உள்ள குடும்பம். 1934-35ல் கியூபாவின் காபபிளாங்காவையும் சோவியத்தின் போட்வின்னிக்கையும் சாய்த்துவிட்டு முன்னணியில் இருந்தவர், கடைசிச் சுற்றில் தன் நாட்டுக்காரர் ஒருவரிடம் தோற்று, முதலிடத்தை யூவேயோடும் செக்கோஸ்லோவாகியாவின் ஃபுளோரோடும் பங்கிட வேண்டியதாயிற்று. 2022ல் நம் பாட்மிண்டன் அணி வென்ற தாமஸ் கோப்பை இவர் பெயரில் உள்ளதுதான்!

ஆனால் ஹேஸ்டிங்ஸ் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர், வாத்தியாரும் இல்லை, பிரபுவும் இல்லை. மீர் சுல்தான் கான். பஞ்சாபின் பெரிய நிலக்கிழார் ஒருவரின் ஆதரவில், அவர் வீட்டு ஆளாக 1929ல் லண்டன் வந்தவர். சிப்பாயை முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் நகர்த்த வேண்டும் என்ற நம் ஊர் விதிகளில் ஆடி வளர்ந்தவருக்கு, ஐரோப்பியர்கள் நூல் நூலாக எழுதி வைத்திருந்த தொடக்க நகர்வுகள் எல்லாம் புதுசு. வந்த வருடமே ராம்ஸ்கேட்டில், அதுவும் கடற்கரை ஊர்தான், பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

1930-31 ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்காவை 65 நகர்வுகளில் வென்றார். இங்கிலாந்துக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மலேரியாவும் விடாமல் வாட்டியது. கழுத்தில் கட்டோடு வந்து உட்கார்ந்து ஆடியிருக்கிறார். அந்தப் போட்டியில் யூவே 7 புள்ளி, காபபிளாங்கா 6½, சுல்தான் கான் 6.

முதலிடம் பிடித்த யூவேயையும் அங்கே ஒருவர் தோற்கடித்தார்: வேரா மென்சிக். மாஸ்கோவில் பிறந்து, 1921ல் ஹேஸ்டிங்ஸில் குடியேறி, உள்ளூர் கிளப்பில் ஹங்கேரியின் மரோட்சியிடம் பாடம் கற்றவர். 1927ல் பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன். 1930-31க்கு அடுத்த ஆண்டும் ஹேஸ்டிங்ஸில் யூவேயை மறுபடி வென்றார். சுல்தான் கானும் அப்போது அவரிடம் தப்பவில்லை.

1933 கோடையில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் ஹேஸ்டிங்ஸுக்கே வந்தது. ஆண்கள் பட்டம், மூன்றாம் முறையாக, சுல்தான் கானுக்கு. பெண்கள் பட்டம் அதே பஞ்சாப் குடும்பத்தோடு வந்திருந்த ஃபாத்திமாவுக்கு. ஆண்டு முடிவதற்குள் நிலக்கிழார் ஊர் திரும்பினார்; சுல்தான் கானும் திரும்பினார். அதோடு பெரிய போட்டிகள் முடிந்தன. வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஆதரவு இல்லாவிட்டால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார் என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் திரும்பிப் போகும் நாளை அவரா தீர்மானித்தார்?

இது அவர் ஒருவர் கதையாக இருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். 1920-21ல் முதல் கிறிஸ்துமஸ் போட்டியை வென்ற ஃபிரெடரிக் யேட்ஸ், செஸ் ஆடியும் செஸ் பற்றி எழுதியும் காலம் தள்ளியவர். 1932ல் லண்டனில் தங்கியிருந்த அறையில் எரிவாயு கசிந்து இறந்துபோனார். பலகையைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவர்களுக்கு அந்தக் காலம் இரக்கம் காட்டவில்லை. வாத்தியார் வேலை இருந்தவர் 1935ல் உலகச் சாம்பியனே ஆனார்.

1938-39 போட்டியை ஹங்கேரியின் இளைஞர் லாஸ்லோ சாபோ வென்றார். அதன்பின் போர். மென்சிக் 1944ல் லண்டனில் விழுந்த பறக்கும் குண்டுக்குத் தாயோடும் தங்கையோடும் பலியானார். சுல்தான் கான் 1966ல் இறந்தார். அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலகச் செஸ் கூட்டமைப்பு 2024ல்தான் கொடுத்தது.

உங்கள் வீட்டிலும் செஸ் ஆடும் பிள்ளை இருக்கலாம். போட்டிகளுக்காகப் பள்ளியை நிறுத்திவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், கணக்கு வாத்தியார் யூவேயின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.