வாஷிங் மிஷினும் வீட்டார் கையும்

துணி துவைக்கும் யந்திரம் ஒரு நாள் காலையில் அசையாமல் நின்றுவிட்டால், வந்து பார்க்கிற மெக்கானிக் பின்பக்கத் தகட்டைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு சார்" என்று சொல்லிவிடும் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில், ஒன்று ஆயிரக்கணக்கில் எடுத்து நீட்டுவது, இல்லையேல் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதியதற்கு மாதத் தவணை கட்டுவது என்னும் இரண்டு மார்க்கங்களுக்கு மேல் மூன்றாவது ஒன்று உண்டென்று நம் குடும்பங்களில் அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. மெக்கானிக்குகளை எல்லாம் குறை கூறுவது என் நோக்கமன்று. போர்டு என்கிற அந்த மின்னணுப் பலகை இடியாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் கெடத்தான் செய்கிறது. ஆனால் இந்த யந்திரத்துக்கு நேரும் உபத்திரவங்களில் கணிசமான பகுதி மின்சாரம் போகும் வழியில் இல்லாமல் தண்ணீர் போகும் வழியில்தான் இருக்கிறது என்பதும், அந்த வழியைச் செப்பனிட ஒரு திருப்புளியும் ஒரு குறடும் ஒரு பழைய பல் பிரஷும் சற்றே நிதானமும் இருந்தால் போதும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

யந்திரம் எவ்வளவு நவீனமானதாயினும் அது செய்கிற காரியம் நான்குதான்: தண்ணீரை உள்ளே விடுகிறது, துணியைப் புரட்டுகிறது, அழுக்கு நீரை வெளியே தள்ளுகிறது, கடைசியில் வேகமாகச் சுழன்று ஈரத்தைப் பிழிகிறது. இவற்றுள் எது நின்றுபோயிற்று என்று கவனித்தாலே பாதி வியாதி விளங்கிவிடும். கை வைப்பதற்கு முன் குழாயை மூடிவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு, போதாது. நம் வீடுகளில் வயரிங் செய்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றி இணைத்திருந்தால், அணைந்த சுவிட்சுக்குப் பின்னாலும் 230 வோல்ட் யந்திரத்துக்குள் காத்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் வரவில்லை என்ற புகாரிலிருந்து தொடங்குவோம். எல்ஜி யந்திரங்களின் முகப்பில் 'ஐஇ' என்று மின்னுகிற குறி இதைத்தான் சொல்கிறது. ஹோஸ் பைப்பை யந்திரத்தின் பின்புறம் மரையைத் திருகிக் கழற்றினால், வால்வின் வாயில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சல்லடை தென்படும். அதைக் குறடால் மெல்லப் பற்றி நேராக இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீர் உபயோகிக்கிற வீடுகளில் அந்தச் சல்லடையின் கண்கள் மணலாலும் துருவாலும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவத்தாலும் அடைபட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு துவாரம்கூடத் தெரியாத ஸ்திதியில் இருப்பதைக் காணலாம். எலுமிச்சை உப்புக் கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து பிரஷால் தேய்த்தால் அது புதிதுபோல் ஆகிவிடும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகவே வருகிறதென்றால், மொட்டைமாடித் தொட்டியின்மேல் சந்தேகம் கொள்வது நியாயம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். இந்த யந்திரங்களோ பொதுவாகக் குறைந்தபட்சம் 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அதாவது தொட்டியின் நீர்மட்டம் யந்திரத்தின் வால்வுக்கு மூன்று, ஐந்து மீட்டராவது மேலே இருக்க வேண்டும். தரைத்தளத்தில் குறைவின்றி உழைத்த யந்திரம், குடும்பம் கடைசி மாடிக்குக் குடிபோன மறுநாளே நோயாளியாகிவிடுவதன் ரகசியம் இதுதான். அதற்கு வேண்டியது புது வால்வன்று. தொட்டியை உயர்த்துவதோ, ஒரு சிறிய பிரஷர் பம்ப் வைப்பதோதான்.

அடுத்தது தண்ணீர் வெளியேறாமை. முன்பக்கம் கதவு வைத்த ஃபிரன்ட் லோடு யந்திரங்களில் கீழ் மூலையில் ஒரு சிறு பலகணி இருக்கிறது. யந்திரம் வாங்கிய நாள்முதல் அதைத் திறந்தே பாராத வீடுகள் ஏராளம். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருந்து, கீழே ஒரு தட்டையான தட்டை நுழைத்து, பழைய துணியைச் சுற்றிலும் பரப்பிவைத்து, உள்ளேயிருக்கும் மெல்லிய குழாயின் மூடியைப் பிடுங்கி நீரை வடியவிட்ட பிறகே பெரிய திருகு மூடியை இடப்புறமாகத் திருக வேண்டும். அந்த மூடியோடு சேர்ந்து வருகிற சல்லடையில் ஹேர்பின், ஊக்கு, சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய் நாணயம், குழந்தையின் ஒற்றைக் காலுறை என்று அந்தக் குடும்பத்தில் காணாமற்போன பொருள்களின் ஜாபிதாவே இருக்கும். அவற்றை அகற்றிய பின் ஒரு டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்த்தால் பம்பின் சின்ன இறக்கைச் சக்கரம் தெரியும். விரலால் அதைச் சுற்றிப் பார்க்கும்போது வழவழவென்று சுழலாமல் விட்டு விட்டு, தடக்குத் தடக்கென்று நகர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதன் அச்சில் காந்தம் இருப்பதால் ஆரோக்கியமான பம்பும் அப்படித்தான் நகரும். கொஞ்சமும் நகராவிட்டால் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

செமி ஆட்டோமேடிக்கின் கதை வேறு. துவைக்கும் தொட்டியில் விட்ட தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருந்தால், வடிகால் திருகோடு இணைந்த ரப்பர் அடைப்பானில் நூல்பிசிறு சிக்கியிருக்கும்; மூடியைத் திறந்து துடைத்துவிட்டால் சரியாகிவிடும். மோட்டார் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, ஆனால் அடியிலுள்ள சுழல்தட்டு அசையவில்லை என்பதுதான் இதில் அடிக்கடி வரும் முறையீடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துணியை எடுத்துவிட்டு, தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் நடுவிலுள்ள ஒற்றை ஸ்குரூவைக் கழற்றித் தட்டைத் தூக்க வேண்டும். அடியில் நாணயமோ கம்பியோ அகப்படும். தாராளமாகச் சுற்றுகிறது என்றால், பின்தகட்டைத் திறந்து பெல்ட் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதுவும் சரியாக இருந்தால் கபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் இந்த மோட்டார் தன் பலத்தால் மட்டுமே புறப்பட இயலாதது. அதன் இரண்டு சுருள்களில் ஒன்றுக்கு மின்னோட்டத்தைச் சற்று முன்பின்னாக அனுப்பி அதைக் கிளப்பிவிடுவது கபாசிட்டரின் உத்தியோகம். அது வீங்கியிருந்தாலோ, அடியில் எண்ணெய் கசிந்திருந்தாலோ வேறு பரீட்சையே தேவையில்லை. மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் பார்த்து அதே மாதிரி வாங்கி மாட்டினால் யந்திரம் பழையபடி ஓடும். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

ஆனால் இங்கே ஓர் அபாயம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர் தனக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். மெக்கானிக்குகள் அதன் இரு முனைகளையும் திருப்புளியால் தொட்டுப் பொறி பறக்க வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சாகசம் நமக்கு வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரு வயர் முனைகளையும், உறைபோட்ட பகுதியைப் பிடித்துக்கொண்டு, கபாசிட்டரின் முனைகளில் சில வினாடிகள் தொடவைத்தால் மிச்சமிருப்பது அடங்கிவிடும். இவ்வளவையும் படித்த பின்னும் மனத்தில் தயக்கம் இருக்குமானால், பின்தகட்டைத் திறக்காமலிருப்பதே விவேகம். யந்திரத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்ற புகாருக்கும் இது பொருந்தும். அது எர்த் சம்பந்தப்பட்ட விஷயம், எலக்ட்ரீஷியனின் பொறுப்பு. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சாதனம் இல்லாத வீட்டில், ஈரத்தரையில் இந்த யந்திரம் நிற்பதே எனக்குச் சம்மதமில்லை.

எலியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் ஊர் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அடிப்பாகம் திறந்திருக்கும் யந்திரத்துக்குள் எலி புகுந்து வயரையும் பெல்ட்டையும் வடிகால் குழாயையும் கடித்துவைப்பது சர்வ சாதாரணம். கீழே ஒரு கம்பிவலையைப் பொருத்திவிட்டால் பல வருஷத்துப் பழுதுகளைத் தவிர்த்துவிடலாம். யந்திரம் ஆடி நகர்கிறதென்றால் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாக வந்த ஃபிரன்ட் லோடு குதித்தால், பிரயாணத்துக்காகப் பின்புறம் முடுக்கிய போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருக்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் பிரதேசங்களில் கால்சியமும் மெக்னீசியமும் சூடேற்றும் கம்பியின்மேல் ஓடுபோல் படிந்துவிடுவதால், சில மாதங்களுக்கொரு முறை துணியில்லாமல் 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு 60 டிகிரியில் ஓட்டுவது நல்லது. அதோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும்.

நம் கைக்கு அடங்காதது எது என்றால், பேரிங். பிழியும்போது பெரும் இரைச்சல் எழுந்து, ட்ரம்மைக் கையால் தூக்கினால் மேலும் கீழும் ஆடுமானால் அது தேய்ந்துவிட்டது. அதை மாற்ற யந்திரம் முழுவதையும் பிரிக்க வேண்டும். போதாக்குறைக்கு, இப்போது பல கம்பெனிகள் வெளித்தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியே அனுப்புகின்றன. ஒரு சிறு பேரிங்குக்காக முழுத் தொட்டியையே வாங்கும்படி செய்கிற இந்த ஏற்பாட்டை வியாபார தந்திரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மிஷினின் முக்கிய உதிரி பாகங்களைப் பத்து வருஷம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நம் தேசத்தில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறதே ஒழிய, அத்தகைய கட்டாயம் இன்னும் வரவில்லை.

ஆகவே அடுத்த யந்திரம் வாங்கப் போகும்போது, எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம் என்று விசாரிப்பதோடு நில்லாமல், தொட்டியைப் பிரிக்க முடியுமா, பேரிங் தனியாகக் கிடைக்குமா, உதிரி பாகம் எத்தனை வருஷம் தருவீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கடைக்காரரிடம் கேளுங்கள். பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.